வீட்டு லேத்துக்கு எந்த உருக்கு?

மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாவுக்கு அருகே அலகொலவெவவில் தொல்லியலாளர் தோண்டிக் கண்ட உலைகள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு தாதிலிருந்து இரும்பு எடுத்ததைக் காட்டுகின்றன. ஆனால் இலங்கை உருக்கின் பழம்புகழ் கத்தி, வாள்களின் கூரைச் சார்ந்தது. கரிமம் ஓரளவு கூடினால் கடினம் கூடும், கூர் நிலைக்கும். சிறிய லேத்தோ மில்லிங் இயந்திரமோ சொந்தமாகச் செய்ய முனைபவர் பலரும் சட்டகத்துக்கும் இதே கணக்கைப் போட்டு, விலை கூடிய உருக்கைத் தேடுகிறார்கள். அது வீண்செலவு. சட்டகத்துக்கு வேண்டியது விறைப்பு. அதை அளக்கும் யங்கின் மட்டு, சாதாரண மைல்ட் ஸ்டீலுக்கும் கடினப்படுத்திய கருவி உருக்குக்கும் ஏறத்தாழ ஒன்றே: 200 கிகாபாஸ்கல். சரி, மென்மையான உருக்கு உடைந்துவிடாதா? சிறிய இயந்திரத்தில் வெட்டும் விசை சட்டகத்தை உடைக்கும் அளவை எட்டுவதேயில்லை. அதற்கு வெகு முன்பே அது மயிரிழை வளைந்து வேலையைக் கெடுத்துவிடும்.

அப்படியானால் காசை எதில் போடுவது? உருவத்தில். ஒரே சுவர்த் தடிப்புள்ள 50 மில்லிமீற்றர் சதுரப் பெட்டிக் குழாய்க்குப் பதில் 100 மில்லிமீற்றர் குழாய் எடுத்தால் எடை இரண்டு மடங்குதான் ஆகும். வளைவையும் முறுக்கையும் எதிர்க்கும் விறைப்போ ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதே குழாயை நெடுக ஒரு கோடு அறுத்துத் திறந்துவிட்டால் முறுக்கு விறைப்பு நூற்றுக்கணக்கான மடங்கு சரியும். ஆங்கிள் இரும்பில் கட்டிய சட்டகம் நெளிவதற்கும் காரணம் இதுவே. குளிர்நிலையில் இழுத்த கம்பி பளபளப்பாக இருக்கிறதென்று வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு: உள்ளே அடைபட்ட தகைப்பு, ஒரு பக்கத்தைச் சீவியதும் அதைக் கோணலாக்கும். வெல்டிங்கும் அப்படித்தான். ஏறத்தாழ 600 பாகை வரை சூடாக்கி மெல்ல ஆறவிட வசதியில்லாவிட்டால், எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிச் சிறு துண்டுகளாகப் பற்றவைப்பதே வழி.

வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கும், உருக்கு மணிபோல் ஒலிக்கும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அந்தக் குணத்தை வெளியிலிருந்தும் சேர்க்கலாம். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் கடைய, லூசியன் யோமன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் கொங்கிறீற்றுப் படுக்கையிலேயே லேத்துகளை அமைத்தார். குழாய்க்குள் கொங்கிறீற்று நிரப்பினாலும் அதிர்வு அடங்கும். தண்ணீரை மட்டும் குறைத்துக் குழைக்க வேண்டும். கூடினால் காயும்போது சுருங்கிச் சுவரிலிருந்து விட்டுவிடும். கொங்கிறீற்று நன்கு இறுகட்டும்: கருவி நகரும் வழித்தண்டுகளை அளந்து பொருத்துவதை ஒரு மாதமாவது தள்ளிவைப்பது நல்லது.