உயரம் தாண்டிய மாரியப்பன்

சேலம் மாவட்டத்தில், தீவட்டிப்பட்டியை அடுத்த பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி, வலது காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி நசுங்கியது. தாய் சரோஜா காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தார்.

பள்ளியில் முதலில் கைப்பந்து ஆடிய மாரியப்பனை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், குறைபாடற்ற மாணவர்களுடன் போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். பின்னர் பெங்களூருவில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் பயின்றார்.

பாராலிம்பிக் பதக்கங்கள்

ரியோ 2016: தங்கம், 1.89 மீட்டர்
டோக்கியோ 2020: வெள்ளி, 1.86 மீட்டர்
பாரிஸ் 2024: வெண்கலம், 1.85 மீட்டர்

கொரோனாவால் டோக்கியோ போட்டி 2021-இல்தான் நடந்தது. இவர் தாண்டிய நாளில் மழை பெய்ததால், குறையுள்ள காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து கனத்தது. அந்த நிலையிலும் அமெரிக்காவின் சாம் குரூவை விட 2 சென்டிமீட்டர் மட்டுமே பின்தங்கினார். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலக சாம்பியன் ஆனார்.

2017-இல் பத்மஸ்ரீயும் அர்ஜுனா விருதும், 2020-இல் கேல் ரத்னாவும் பெற்றார். தமிழ்நாடு அரசு 2021-இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் இவருக்குத் துணை மேலாளர் பணி வழங்கியது.

அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக் போட்டிகளிலும் பதக்கம் வென்ற முதல் இந்தியர் இவரே.