பழைய காரில் தட்டல் ஒலி: செலவிடுமுன் அறிய வேண்டியவை

மும்பையின் கறுப்பு–மஞ்சள் டாக்சி என்றதும் நினைவுக்கு வருவது, குர்லா ஆலையில் உருவான பிரீமியர் பத்மினி. 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, இருபதாண்டு வரம்பு நிறைவுற்று 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. சொந்தக் கார்களின் நிலை வேறு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும், தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆகவே, பழைய காரை விற்பதா, பழுதுபார்ப்பதா என்னும் கேள்வி பல வீடுகளில் எழுகிறது. அக்கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவது, மேடேறும்போது எஞ்சினில் கேட்கும் உலோகத் தட்டல் ஒலியே. மெக்கானிக்குகள் இதனை ‘நாக்கிங்’ என்பர்.

ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பெட்ரோல்–காற்றுக் கலவை ஓரிடத்தில் பற்றி, சீராகப் பரவி எரிய வேண்டும். சுடர் சென்றடையுமுன் எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்தால் தட்டல் உண்டாகிறது. முன்னாளில் இதனைத் தடுக்கவே பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தனர். அது நஞ்சாதலால் 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் கைவிடப்பட்டது.

தாராவி, சயான் சாலைகளில் ஊர்ந்து செல்லும் குறும்பயணங்களில் எஞ்சின் போதிய வெப்பம் பெறுவதில்லை, கரி படிகிறது. அக்கரி எரியறையின் இடத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது, வெப்பத்தையும் தேக்குகிறது. தட்டலுக்கு இதுவும் ஒரு காரணம்.

குறைந்த செலவிலிருந்தே தொடங்குதல் நலம். மேட்டில் கீழ் கியருக்கு மாறுக. ஏர் ஃபில்டர், குளிர்நீர், இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்லுக. அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் செய்க. உலர்ந்த கருமை இருப்பின், கலவையில் பெட்ரோல் மிகுந்திருக்கலாம். எண்ணெய்ப் பசையுடன் கருத்திருப்பின், பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே கசியக்கூடும். அந்நிலையில் கரியை மட்டும் அகற்றினால், அது மீண்டும் படியும். ஆகவே, எஞ்சின் ஹெட்டைக் கழற்ற இசையுமுன் கம்ப்ரஷன் சோதனை செய்வித்து, மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. உயர் ஆக்டேன் பெட்ரோல் ஒலியை அடக்கலாம். ஆனால் படிந்த கரியையோ தேய்மானத்தையோ போக்காது.

வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அடங்கா என்பதை வாடிக்கையாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இச்செலவு முழுவதும் சேமிப்பிலிருந்தே செல்லும். பழுதுச் செலவு, பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி ஆகியவற்றை ஒருபுறமும், புதிய காரின் முன்பணம், ஓராண்டுத் தவணை, காப்பீடு ஆகியவற்றை மறுபுறமும் எழுதிப் பாருங்கள். பிளக் மாற்றத்தில் தீரும் குறைக்காக ஏழாண்டுக் கடன் பெறுவது வீண். தேய்ந்த எஞ்சினுக்கு ஆண்டுதோறும் செலவிடுவதும் அவ்வாறே. எது உங்கள் நிலை என்பதைச் சோதனை காட்டும்; முடிவு அதன் பின்னரே அமையட்டும்.