வளர்ப்பு நாயிலும் வீட்டிலும் தெள்ளுப்பூச்சிக் கட்டுப்பாடு

தெள்ளுப்பூச்சி இறக்கையற்றது, கரும்பழுப்பு நிறமுடையது, ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ளது. உண்ணியைப் போல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிராமல் மயிர்களுக்கிடையே விரைந்தோடும், தாவிச் செல்லும். நாய்க்கு மருந்திட்ட பின்னரும் இப்பூச்சி மீண்டும் காணப்படுவதால், சிலர் மேலும் கடுமையான நச்சு மருந்துகளை நாடுகின்றனர். இது குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் ஆபத்தானது. பூச்சி மீண்டும் தோன்றுவதன் காரணத்தை அறிந்தால் இதனைத் தவிர்க்கலாம்.

பூச்சி ஏன் மீண்டும் வருகிறது?

நாயின் உடலில் நாம் காணும் முதிர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் சிறு பகுதியே. பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடக்கூடும். அவை மயிரில் ஒட்டாமல் நாய் படுக்குமிடங்களில் உதிர்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் பாய், மெத்தை, தரைவிரிசல், மணல் ஆகியவற்றில் வெளிச்சத்தை விட்டு மறைந்து வளர்ந்து, பின்னர் கூட்டுப்புழுக்களாகின்றன. கூட்டிற்குள் பூச்சிக்கொல்லி எளிதில் ஊடுருவாது. உள்ளிருக்கும் பூச்சி பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள் கூடக் காத்திருந்து, அதிர்வையும் உடல் வெப்பத்தையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து வெளிவரும். பூட்டிக் கிடந்த வீட்டிற்குள் நுழைந்தவுடன் பூச்சிகள் கடிப்பது இதனாலேயே.

எனவே, மருந்திட்ட இரண்டாம், மூன்றாம் வாரங்களில் சில பூச்சிகள் தோன்றுவது மருந்து பயனற்றது என்பதற்குச் சான்றன்று.

கண்டறிவது எப்படி?

நாயின் வாலடியிலும் முதுகிலும் பேன்சீப்பினால் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத்தாளில் இடவும். செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்; அதிலுள்ளது செரிக்கப்பட்ட இரத்தம். மனிதர்களுக்குப் பெரும்பாலும் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் அரிப்புடன் சிறு தடிப்புகள் தோன்றும்.

உடல்நலப் பாதிப்புகள்

• கடித்த இடத்தைச் சொறிவதால் புண்ணும் சீழும் ஏற்படலாம்.
• நோய்க்கிருமியுள்ள பூச்சியின் எச்சம் சொறிந்த புண்ணில் படுவதால் மியூரின் டைபஸ் காய்ச்சல் பரவலாம். இதனைப் பரப்புவதில் எலித்தெள்ளு முதன்மையானது.
• நாடாப்புழுவின் இளம்பருவம் கொண்ட பூச்சியைக் குழந்தை தவறுதலாக விழுங்கினால் குடலில் நாடாப்புழு வளரலாம். மலத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்படும்.
• மிகுதியான பூச்சிகளால் நாய்க்குட்டிகளுக்கு இரத்தசோகை ஏற்படலாம்.

செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்திற்கும் ஒரே காலத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் பரிந்துரைப்பார். குளிப்பாட்டுவது மட்டும் போதாது.
2. அதே நாளில் நாயின் விரிப்புகளையும் அது படுக்கும் பாய், மெத்தை உறைகளையும் வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். வாரந்தோறும் இதனைத் தொடர வேண்டும்.
3. கட்டிலடி, சோபா இடுக்கு, சுவரோரம் ஆகியவற்றை நாள்தோறும் பெருக்கித் துடைக்க வேண்டும். குப்பையைப் பையில் கட்டி உடனே அகற்ற வேண்டும்.
4. திண்ணை, படிக்கட்டின் அடிப்பகுதி, கொட்டகை போன்ற நிழலான இடங்களையும் தூய்மை செய்ய வேண்டும்.
5. எலித்தொல்லை இருப்பின் தெள்ளுப்பூச்சியையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டும். எலி இறந்தவுடன் பூச்சிகள் அதனை விட்டு வெளியேறி மனிதரைக் கடிக்கும். இறந்த எலியை வெறுங்கையால் தொடலாகாது.
6. பூச்சிகள் மறைந்த பின்னரும், மருத்துவர் குறிப்பிட்ட இடைவெளியில் குறைந்தது மூன்று மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

• பயிர்களுக்கான பூச்சிக்கொல்லி, மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவற்றை நாயின் மீதோ குழந்தைகள் படுக்கும் இடத்திலோ பயன்படுத்தலாகாது.
• பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு இடலாகாது, உயிரிழப்பு நேரலாம்.
• வீட்டில் தெளிக்கும் மருந்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலக்கலாகாது. தெளித்த இடம் நன்கு உலர்ந்து காற்றோட்டம் பெறும் வரை குழந்தைகளையும் விலங்குகளையும் அங்கே விடலாகாது.

மருத்துவரை அணுக வேண்டிய தருணம்

காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, உடலில் செந்தடிப்பு ஆகியவை தோன்றினால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, பூச்சி கடித்ததையும் வீட்டில் எலி இருப்பதையும் தெரிவிக்கவும். டைபஸ் காய்ச்சலைத் தொடக்கத்திலேயே மருந்தினால் குணப்படுத்தலாம். தாமதித்தால் சிக்கல்கள் நேரலாம். பூச்சிக்கொல்லி பட்ட பின்னர் வாந்தி, மிகுந்த உமிழ்நீர், நடுக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்கவும். மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லவும்.