அதிகாரி முதல் அலுவலர் வரை

நுழையும்முன்
மக்களுக்கும் அரசுக்கும் இடையே பாலமாக நிற்பவர் அரசுப் பணியாளர். அவரைக் குறிக்கத் தமிழில் காலந்தோறும் பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. ஆட்சி மாறியபோதெல்லாம் அச்சொற்களும் மாறின. ஒரு பதவியின் பெயரை ஆராய்ந்தால், மக்கள் அரசின்முன் எவ்வாறு நின்றனர் என்பதும் புலப்படும்.

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் பட்டா மாறுதல் வேண்டி ஒரு மூதாட்டி தம் பெயரனுடன் வருகிறார் என வைத்துக்கொள்வோம். "மணியக்காரரைப் பார்த்துட்டுத்தானே வந்தோம் கண்ணு, இங்க எதுக்கு?" என்கிறார் மூதாட்டி. "வி.ஏ.ஓ. வேலை முடிஞ்சுது பாட்டி, இனித் தாசில்தாரைப் பார்க்கணும்" என்கிறான் பெயரன். சுவரிலுள்ள பலகையிலோ 'கிராம நிர்வாக அலுவலர்', 'வட்டாட்சியர்' என்னும் சொற்கள் காணப்படுகின்றன. குறிக்கப்படும் பொறுப்புகள் ஏறத்தாழ ஒன்றே. சொற்கள்மட்டும் வெவ்வேறு காலத்தவை. பலகையிலுள்ள சொல் தாம் தேடுபவரையே குறிக்கிறது என்பதை அறியாதவர், உரிய வாயிலின்முன்னரே வழி தெரியாமல் நிற்க நேரும்.

கல்லில் எழுதிய பெயர்கள்

மதுரைக்காஞ்சி 'காவிதி மாக்கள்' என்போரைக் குறிப்பிடுகிறது. காவிதி என்பது அரசர் தம் அமைச்சர் முதலியோர்க்கு வழங்கிய பட்டம். சோழர் காலத்தில் நிருவாகம் விரிந்தது. பதவிப் பெயர்களும் பெருகின. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை எழுதியவர் திருமந்திர ஓலை எனப்பட்டார். வரித் துறை, புரவுவரித் திணைக்களம் எனப் பெயர் பெற்றது. கணக்கெழுதியவர் கரணத்தான். 'அதிகாரி' என்னும் சொல்லும் சோழர் கல்வெட்டுகளிலேயே இடம்பெற்றுள்ளது.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றைக் கூறுகின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர், மீண்டும் அப்பொறுப்பிற்குத் தகுதியற்றவர் என அவை விதிக்கின்றன. இன்று நாம் மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் எனக் கூறும்போது, ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையுடைய சொல்லையே எடுத்தாளுகிறோம். பதவியில் இருப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் கருத்தும் அச்சொல்லோடு சேர்ந்தே வந்திருத்தல் வேண்டும்.

பாராமகாலில் கலந்த மொழிகள்

காரிமங்கலம் உள்ளிட்ட இப்பகுதி முற்காலத்தில் பாராமகால் எனப்பட்டது. திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த இந்நிலப்பரப்பு, 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்தின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு இதன் நிருவாகத்தை ஏற்றார். அவருக்குத் துணைவராக வந்த தாமசு மன்றோ, தருமபுரியில் தங்கி நிலவரிப் பணியைக் கவனித்தார். இடைத்தரகரின்றி உழவரிடமே வரி பெறும் இரயத்துவாரி முறை இங்கே உருப்பெறலாயிற்று.

ஆட்சி கைமாறினும், அலுவலக மொழியில் பாரசீக, அரபுச் சொற்கள் நிலைத்தன. தாசில்தார், சிரஸ்தார், அமீனா, டபேதார் ஆகியன அத்தகையன. 'தாசில்' என்பதற்குத் திரட்டுதல் என்பதும், 'தார்' என்பதற்கு உடையவர் என்பதும் பொருள். அதாவது, தாசில்தார் வரி திரட்டுபவர். ஆங்கிலச் சொல்லாகிய 'கலெக்டர்' என்பதன் பொருளும் அதுவே. மொழிகள் இரண்டாயினும் மக்கள் அவ்விரு சொற்களிலும் கண்டது வரி கேட்கும் கையைத்தான்.

'தார்' என்னும் அவ்வீறு தமிழோடு நன்கு கலந்துவிட்டது. மனுதாரர், குத்தகைதாரர், ஒப்பந்ததாரர் என இன்றும் அதனை வழங்குகிறோம்.

ஊரளவில் நேர்ந்த மாற்றம்

சிற்றூர்களில் மணியக்காரர் வரி தண்டினார். கர்ணம் நிலக்கணக்கு எழுதினார். தலையாரி காவல் புரிந்தார். கரணம் என்னும் பழஞ்சொல்லே கர்ணம் என மருவியது. இப்பொறுப்புகள் நெடுங்காலம் குடும்ப உரிமையாக வழிவழி வந்தன. எனவே, மணியக்காரர், கர்ணம் என்னும் சொற்கள் சில வீடுகளின் அடையாளமாகவும் ஆயின.

1980 நவம்பர் 14 அன்று தமிழ்நாடு அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் பதவி தோன்றியது. இன்று அப்பதவிக்கு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வே வாயில். பிறப்பால் வந்த பெயர் படிப்பால் பெறும் பெயராயிற்று. காரிமங்கலத்து உழவர் வீட்டு மகளும் அந்நாற்காலியில் அமரலாம் என்னும் நிலையை அப்புதிய சொல் சுட்டுகிறது.

ஆட்சிமொழி தந்த சொற்கள்

தமிழே ஆட்சிமொழி எனும் சட்டம் 1956 டிசம்பர் 27 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன்பின் பதவிப் பெயர்களைத் தமிழாக்கும் பணி விரைவுபெற்றது. நகராட்சி ஆணையராகப் பணிபுரிந்த கீ. இராமலிங்கனார், ஆட்சித்தமிழுக்கு உழைத்த முன்னோடிகளுள் ஒருவர்.

கலெக்டர் மாவட்ட ஆட்சியரானார், தாசில்தார் வட்டாட்சியரானார், கமிஷனர் ஆணையரானார், சர்வேயர் நில அளவரானார். ஜமாபந்தி, வருவாய்த் தீர்வாயம் எனப் பெயர் பெற்றது. இம்மாற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'கலெக்டர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் வரி திரட்டுபவர் என்னும் பொருளே நின்றிருக்கும். அவர்தம் பணி வரியைக் கடந்து விரிந்துவிட்டமையால் 'ஆட்சியர்' எனும் சொல் பொருந்திற்று. ஆயினும், மக்களாட்சியில் ஆள்பவர் மக்களே அல்லரோ என்னும் வினாவையும் அச்சொல் எழுப்புகிறது.

தெரிந்து தெளிவோம்
சோழர் காலத் 'திணைக்களம்' என்னும் சொல்லை இலங்கைத் தமிழர் இன்றும் அரசுத் துறையைக் குறிக்க வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் இயக்குநர் எனப்படுபவர் அங்குப் பணிப்பாளர். மாவட்ட நிருவாகத் தலைவர் அரசாங்க அதிபர்.

சொல்லும் மதிப்பும்

அரசுப் பணியில் உள்ளோரைப் பொதுவாகச் சுட்டும் சொற்களும் தம்முள் வேறுபாடு உடையன. 'அதிகாரி' என்பதில் அதிகாரம் முன்னிற்கிறது. 'உத்தியோகஸ்தர்' என்பதன் வேராகிய உத்தியோகம், வடமொழியில் முயற்சியைக் குறிப்பது. தமிழ் வழக்கில் பதவியைக் குறிக்கலாயிற்று. 'அலுவலர்' என்பதில் செய்யும் வேலையும், 'பணியாளர்', 'ஊழியர்' என்பவற்றில் தொண்டும் முன்னிற்கின்றன.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், அரசிடம் ஊதியம் பெறுவோரைப் 'பொது ஊழியர்' என்னும் ஒரே வகையில் அடக்கியது. மாவட்ட ஆட்சியரும் அலுவலக உதவியாளரும் அச்சொல்லின்கீழ் நிகரானவர்களே.

பெயர், பணி செய்பவரின் மதிப்பையும் காக்க வல்லது. 'பியூன்' என்று ஏவப்பட்டவர் 'அலுவலக உதவியாளர்' ஆனார். துப்புரவுப் பணியாளர், 2020இல் 'தூய்மைப் பணியாளர்' எனப் பெயர்மாற்றம் பெற்றார். ஆயினும், பெயரை மாற்றியதோடு கடமை முடிந்துவிடாது. ஊதியமும் பாதுகாப்பும் நடத்தும் முறையும் உயரும்போதுதான் புதிய சொல் மெய்ப்பொருள் பெறும்.

மாணவர்களே! நீங்கள் நாளை விண்ணப்பம் எழுதுபவராகலாம்; அதனைப் பெற்றுக்கொள்ளும் மேசையின் மறுபுறத்தில் அமர்பவராகவும் ஆகலாம். எழுதும்போது உரிய பதவிப் பெயரைப் பிழையின்றி எழுதுங்கள். உரிமையை அஞ்சாமல் கேளுங்கள். அமரும்போது, மணியக்காரரைத் தேடிவரும் மூதாட்டியிடம், "அந்த வேலையைத்தான் பாட்டி நான் பார்க்கிறேன், உட்காருங்க" என்று சொல்லுங்கள். அலுவலர் என்னும் சொல்லுக்கு அதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை.

கற்பவை கற்றபின்
1. உங்கள் பகுதியிலுள்ள அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து, அங்குள்ள பதவிப் பெயர்களைத் தொகுக்க. முதியோர் அவற்றை எவ்வாறு வழங்குகின்றனர் எனக் கேட்டு எழுதுக.
2. 'மாவட்ட ஆட்சியர் என்னும் சொல் மக்களாட்சிக்குப் பொருந்துமா?' – வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. பட்டா மாறுதல் வேண்டி, உங்கள் பகுதி வட்டாட்சியருக்கு விண்ணப்பம் ஒன்று வரைக.