உங்களுக்குத் தெரியுமா? திகில் தொடரில் யாழ்ப்பாணம் சிரித்த இடங்கள்

★ 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவம் 2021 ஜூன் 4இல் அமேசான் பிரைமில் வெளியானது. மொத்தம் 9 அத்தியாயங்கள். ஈழப் போராளி ராஜியாக நடிகை சமந்தா. இந்தியப் பிரதமரைக் கொல்லச் சதி, சென்னையில் துரத்தல் என்று கதை மூச்சுவிட நேரம் தராது. ஆனால் யாழ்ப்பாணத்துக் காதோடு பார்த்தால், நெஞ்சு பதைக்கவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. துப்பாக்கியை நீட்டிப் பேசுகிறவரின் வசனம் பாதியிலேயே சென்னைத் தமிழுக்குப் போய்விட்டால் பிறகு பயம் எங்கே நிற்கும்? சமந்தா உழைத்திருக்கிறார், அது தெரிகிறது. அந்த உழைப்புக்கு ஏற்ற வழிகாட்டல் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

★ இது, அது என்ற இரண்டுக்கும் நடுவே 'உது' என்றொரு சுட்டு உண்டு. தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டுகளில் ஒன்றான இந்த உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. முன்னால் நிற்பவர் கையில் உள்ளதை "உதென்ன?" என்றுதான் இங்கே கேட்போம். திரையில் ஒரு யாழ்ப்பாணத்தவர் "அதென்ன?" என்று கேட்டால், அவர் எந்த ஊர் என்று சின்னப் பிள்ளையும் பிடித்துவிடும்.

★ 'தி ஃபேமிலி மேன்' தொடரிலேயே செல்லம் சார் என்றொரு ஓய்வுபெற்ற உளவாளி வருவார். நடித்தவர் உதய் மகேஷ். எதைக் கேட்டாலும் அந்தக் கணமே விவரம் சொல்வார். வருவது கொஞ்ச நேரம்தான். இணையமெங்கும் மீம்கள் அவர் பெயரில் குவிந்தன.

★ திகில் கதை சிரிப்பாக மாறுவது புதிதல்ல. விமானத்தில் மீன் சாப்பிட்ட விமானிகள் நோயில் விழ, பயணி ஒருவர் விமானத்தை இறக்கவேண்டிய நிலை. ஆர்தர் ஹெய்லி எழுதிய இந்தத் தொலைக்காட்சி நாடகம் 1956இல் கனடாவின் சிபிசியில் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டு 'சீரோ அவர்!' என்ற பெயரில் திரைப்படமாயிற்று. இரண்டிலும் நகைச்சுவை நோக்கம் கிடையாது. பின்னர் மூன்று அமெரிக்கர்கள் அந்தப் படத்தின் உரிமையை வாங்கி, கதையையும் பல வசனங்களையும் அப்படியே வைத்து 1980இல் 'ஏர்பிளேன்!' எடுத்தார்கள். லெஸ்லி நீல்சன் போன்று கனமான வேடங்களில் பழகியவர்களை அழைத்து, சிரிக்காமல் பேசவைத்தார்கள். உலகின் பெரிய நகைச்சுவைப் படங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

★ 'தெனாலி' (2000) 'தி ஃபேமிலி மேன்' போன்றதல்ல. கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில், எதற்கெடுத்தாலும் அஞ்சும் ஈழத்தமிழராகக் கமல்ஹாசன் நடித்தார். அங்கே சிரிப்பு திட்டமிட்டது. போர் தந்த பயத்தைச் சிரிப்பாக்கியது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

★ எல்லாமே சிரிப்போடு முடியவில்லை. ஈழத்தமிழரை இழிவுபடுத்துவதாகக் கூறி, 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவம் வருவதற்கு முன்பே அதைத் தடைசெய்யக் கேட்டுத் தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார்.

★ தமிழ் தெரியாத ஒருவர் ஈழத்தமிழர் பேச்சைத் திரையில் சரியாகக் கொண்டுவந்தார்! பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒதியாரின் 'தீபன்' 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. நாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி, போராளியாக இருந்தவர். கடைசியில் துப்பாக்கி வெடிக்கும்போது யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வராது.

★ 1985இல் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை மேடையேற்றிய ஊர் யாழ்ப்பாணம். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தினார். இங்கே நடிகர்களுக்குப் பஞ்சமில்லை. எங்களைப் பற்றித் திகில் தொடர் எடுக்க வருகிறவர்களே, படப்பிடிப்புக்கு முன் உங்கள் வசனங்களைக் குடாநாட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.