40, 75, 80: சான்றிதழில் இருக்கும் ஒரு எண்

மாற்றுத்திறன் குழந்தையை வளர்க்கிற குடும்பத்துக்கு அரசு எவ்வளவு பணம் தருது? கேள்வி சின்னதுதான். ஆனா பதில் ஒரே இடத்தில் இல்லை. தமிழ்நாட்டில் இருக்கிற ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், தசைச்சிதைவு நோய் எல்லாம் இப்போ பட்டியலில் உண்டு. ஆனா பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான உதவிகளுக்கு, சான்றிதழில் குறைந்தது 40% என்று இருக்கணும்.

அடுத்து மாத உதவி. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. அதற்கு 80% வேணும், வயசும் 18 ஆகியிருக்கணும். அதாவது குழந்தைக்கு அது கிடையாது! இந்த இடைவெளியை நிரப்புவது மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு என்றால் 40%, கடுமையான உடல் பாதிப்பு என்றால் 75%. மாதம் 1,500 ரூபாயாக இருந்த தொகை பிறகு 2,000 ஆனது. வருஷத்துக்கு 24,000.

மூன்றாவது, வருமான வரி. வரிச் சட்டத்தின் ஒரு பிரிவில், 40% இருந்தால் 75,000 ரூபாயும் 80% இருந்தால் 1,25,000 ரூபாயும் பெற்றோரின் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். உண்மையில் எவ்வளவு செலவானது என்பது கணக்கில்லை, தொகை நிலையானது. ஆனா பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல். 30% வரி கட்டுகிற அப்பாவுக்கு, 80% பாதிப்புள்ள பிள்ளைக்காக மிச்சமாவது 37,500 ரூபாய்க்கு மேல். அதே பாதிப்புள்ள பிள்ளையை வளர்க்கும் கூலித் தொழிலாளிக்கு இந்தப் பிரிவால் ஒரு பைசாகூட இல்லை. வரியே கட்டாதவருக்கு எதைக் கழிப்பது? ஒரே குறைபாடு, ஒரே சதவீதம். ஆனா உதவியின் அளவை அப்பாவின் சம்பளம் தீர்மானிக்குது. மாநிலத்தின் 2,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்க, வித்தியாசம் புரியும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: நிராமயா காப்பீடு. 1999 சட்டப்படி உருவான தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். வருஷம் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் சேர்த்து. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டாங்க.

அப்போ ஒரு குடும்பம் எங்கே தொடங்கணும்? சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும்தான் முதல் வேலை. சின்னக் குழந்தைகளுக்குப் பல நேரம் தற்காலிகச் சான்றிதழ்தான் கிடைக்கும், அதில் காலாவதித் தேதி இருக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறிச்சு வைங்க. சதவீதத்தையும் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்னு விடாம, வாங்கின இடத்திலேயே படிச்சுப் பாருங்க. 74க்கும் 75க்கும் நடுவில் இருப்பது ஒரு புள்ளி. சில வீடுகளில் அந்தப் புள்ளியின் விலை வருஷம் 24,000 ரூபாய்.