மலைபடுகடாம் காட்டும் நன்னன் நாடு: இடம் பற்றிய விவாதம்

பத்துப்பாட்டின் பத்தாவது பாட்டு மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். 583 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடி நீளமானது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், நன்னன் சேய் நன்னன் என்ற குறுநில மன்னனைப் பாடியது. அந்த நன்னனின் மலையும் ஆறும் ஊரும் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இக்கருத்து எந்தெந்தச் சான்றுகளின்மேல் நிற்கிறது, எது உறுதியானது, எது ஊகம் என்பதை இக்கட்டுரை பிரித்துப் பார்க்கிறது.

பாட்டு சொல்வது

நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். ஆற்றுப்படை நூல்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அமைப்பு. ஆனால் வழியின் இடர்களை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் ஆற்றுப்படை வேறில்லை எனலாம். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த கற்பொறிகள், காவலர் எறியும் கவண்கற்கள், பாம்பு கிடக்கும் குழிகள், பாசி படிந்து வழுக்கும் பாறைகள் ஆகியவை எங்கெங்கே வரும், எப்படித் தப்புவது என்று கூத்தன் எச்சரிக்கிறான். வழி பிரியும் இடத்தில் பின்னால் வருபவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வைக்கச் சொல்கிறான். பெயர் பொறித்த நடுகற்களைக் கண்டால் வணங்கிச் செல்லச் சொல்கிறான். மலை கடந்து, காடு கடந்து, வயல்களும் சேயாற்றங்கரையும் வந்த பிறகே நன்னனின் பழைய ஊர் வருகிறது. மலையில் எழும் பலவகை ஓசைகளை யானையின் மதத்தோடு ஒப்பிட்ட உவமையே நூலுக்குப் பெயராயிற்று.

இவ்வளவு விவரம் இருந்தும் நிலப்படம் வரைய முயல்பவருக்கு இப்பாட்டு எளிதில் கைகொடுப்பதில்லை. கூத்தர் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்பது தெளிவாக இல்லை. இத்தனை காதம் என்ற கணக்கும் இல்லை. இடம் காண உதவும் இயற்பெயர்கள் என்று பார்த்தால் இரண்டுதான் முக்கியமானவை. ஒன்று நவிரம் என்னும் மலை. அங்கே நஞ்சுண்ட கடவுள் உறைகிறார். மற்றொன்று சேயாறு.

செங்கண்மா என்ற பெயர் எங்கே வருகிறது?

நன்னனின் ஊர் செங்கண்மா என்று பள்ளிப் பாடநூல் முதல் ஆய்வு நூல் வரை சொல்லப்படுகிறது. அப்பெயர் பாட்டின் அடிகளுக்குள் இல்லை. பாட்டின் முடிவில் சேர்க்கப்பட்ட பழங்குறிப்பில்தான், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன் என்று வருகிறது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இக்குறிப்பு பலர் கண்ணிலும் பட்டது. செங்கண்மா என்பதைச் செங்கம் என்று கொள்வதில் ஒலி அளவில் தடை ஏதும் இல்லை. திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ள செங்கம் அது.

சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகளைப் பாட்டோடு பாட்டாகவே வாசிப்பது நம் வழக்கம். ஆனால் அவை பாடியவர் எழுதியவை அல்ல. தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை. இக்குறிப்பிலேயே அதற்கு ஒரு தடயம் இருக்கிறது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பகுக்கும் முறை பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுவது. பல்குன்றக் கோட்டம் அவற்றுள் ஒன்று. ஆகவே குறிப்பை எழுதியவர் பாட்டின் காலத்துக்குப் பிந்தியவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் குறிப்பு பொய்யாகிவிடாது. பழைய நினைவைப் புதிய நிர்வாகப் பெயரால் ஒருவர் எழுதியிருக்கலாம். ஆனால் நேரடிச் சான்று என்று அதைச் சொல்ல முடியாது.

இப்பகுதியில் சங்ககால நினைவு நெடுநாள் வாழ்ந்தது என்பதற்கு வேறொரு எடுத்துக்காட்டு உண்டு. போளூருக்கு அருகே திருமலை என்ற சமணத் தலத்தில், அதிகமான் மரபினனான விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய சேரன் எழினி அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாகச் சொல்லும் கல்வெட்டு உள்ளது. சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் குறுநில மன்னர்கள் தங்களை அப்பழம்பெயர்களோடு இணைத்துக்கொண்டார்கள். நினைவு தொடர்ந்ததற்கு இது சான்று. பெருமைக்காகப் பெயர் ஒட்டப்படும் என்பதற்கும் இதுவே சான்று.

ஆறு

நவிரம், சேயாறு, செங்கண்மா மூன்றில் வலுவானது சேயாறுதான். சவ்வாது மலையில் தோன்றி, செங்கத்தை ஒட்டி வந்து, கலசப்பாக்கம் வழியாகக் கிழக்கே சென்று பாலாற்றில் கலக்கும் செய்யாறே அது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. சேய் என்பது முருகனைக் குறிக்கும் என்றும், முருகன் உண்டாக்கியதால் இப்பெயர் என்றும் தலபுராண மரபு கூறும். சேயாறு பாட்டின் அடிகளுக்குள்ளேயே வருகிறது. ஆறு இன்றும் அதே பெயரின் திரிபோடு ஓடுகிறது. அதன் கரையில் செங்கம் இருக்கிறது. அடிக்குறிப்பை முற்றிலும் ஒதுக்கிவிட்டாலும், நன்னனின் ஊர் செய்யாற்றங்கரையில் எங்கோ இருந்தது என்ற அளவுக்கு வர முடியும்.

மலை

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலிலிருந்து வடக்கே போளூர்ச் சாலையில் சென்றால், இடப்புறம் தொலைவில் செங்குத்தாக எழுந்து நிற்பது பருவதமலை. அதுவே நவிரமலை என்பது இன்று ஊரார் சொல்வதும், பல நூல்கள் எழுதுவதும். உச்சியில் சிவன் கோயில் இருப்பதால் நஞ்சுண்ட கடவுள் என்ற குறிப்பும் பொருந்திவிடுகிறது.

பொருத்தம் அழகாக இருப்பதாலேயே இங்கே நிதானிக்க வேண்டியிருக்கிறது. மலைக்கோயிலின் இறைவன் மல்லிகார்ச்சுனர், இறைவி பிரமராம்பிகை. இவை ஸ்ரீசைலத்தின் பெயர்கள். பருவதம் என்பதும் ஸ்ரீசைலத்தின் பழம்பெயரை நினைவூட்டுவது. ஆகவே இன்றைய கோயிலின் பெயர்கள் ஆந்திரத் தலத்தோடு ஏற்பட்ட தொடர்பைக் காட்டுகின்றன. சங்ககாலக் கடவுளின் தொடர்ச்சியை அவை நிறுவுவதில்லை. மேலும் நவிரம் என்ற சொல்லுக்கு மயில், உச்சி என்ற பொருள்களும் உண்டு. மயில் மிகுந்த மலை, உயர்ந்த மலை என்று எதற்கும் அப்பெயர் வந்திருக்கலாம். ஆற்றின் போக்கை வைத்துப் பார்த்தால் பருவதமலை நல்ல வேட்பாளர்தான். ஆனால் ஆற்றுக்கு இருக்கும் உறுதி மலைக்கு இல்லை.

அண்ணாமலை என்ற பெயர் மலைபடுகடாத்தில் எங்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நஞ்சுண்ட கடவுளை அருணாசலேசுவரராகக் கொள்ளும் ஆசை இங்கே இயல்பானது. பாட்டு அதற்கு இடம் தரவில்லை.

இரண்டு நன்னர்கள்

சங்க இலக்கியத்தில் நன்னன் என்ற பெயர் பலமுறை வருகிறது. ஏழிற்குன்றத்துக்கும் பாழிக்கும் உரிய நன்னன் ஒருவன். ஏழிற்குன்றம் இன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள ஏழிமலை. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற பெண்ணைக் கொன்றவன் என்று குறுந்தொகை 292-இல் பரணர் பழிப்பது இவனையே. களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் இவனை வாகைப் பெருந்துறையில் வீழ்த்தினான்.

மேற்குக் கடற்கரை நன்னனையும் செய்யாற்று நன்னனையும் ஒருவராக்கினால் அவன் நாடு தமிழகத்தின் இரு கோடிகளுக்கும் விரிந்துவிடும். நன்னன் சேய் நன்னன் என்ற பெயரே ஒரே பெயர் தலைமுறைகளில் திரும்ப வந்ததைக் காட்டுகிறது. எனவே இருவரையும் பிரிப்பதே பொருத்தம். மதுரைக்காஞ்சி குறிப்பிடும் நன்னனின் பிறந்தநாள் விழா யாருடையது என்பது மட்டும் இன்னும் இழுபறியாகவே இருக்கிறது.

கல் பேசிய இடங்கள்

சேரர் தலைநகர் வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கு இதைவிடப் பெரியது. அங்கே முதலில் இலக்கிய வரிகளே மோதிக்கொண்டன. பின்னர் கரூர் அருகே புகழூரில் சேர இரும்பொறை மன்னர் மூன்று தலைமுறையைச் சொல்லும் தமிழி கல்வெட்டும், அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசுகளும் கிடைத்தன. கரூர்த் தரப்பு வலுப்பெற்றது அவற்றால்தான்.

நன்னனுக்கு அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. செங்கம் வட்டாரத்தில் கிடைத்தவை நடுகற்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமி பதிப்பில் 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று அவற்றை வெளியிட்டது. பெரும்பாலும் பல்லவர் காலத்தவை. வட்டெழுத்தில் வீரனின் பெயரும் ஆநிரைப் பூசலும் சொல்பவை. பெயர் பொறித்த கல்லை வணங்கிச் செல்லும் வழக்கம் இந்நிலத்தில் வேரூன்றியிருந்ததை அவை காட்டுகின்றன. ஆயினும் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் இவற்றைவிட மிகப் பழைய நடுகற்கள் 2006-இல் கிடைத்துள்ளன. நடுகல் இருப்பதை மட்டும் வைத்து ஒரு பாட்டை ஓர் ஊருக்கு உரிமையாக்க முடியாது. நன்னன் பெயர் பொறித்த தமிழி எழுத்தோ காசோ செய்யாற்றுப் பள்ளத்தாக்கில் கிடைக்கும்வரை, ஆறு உறுதி, ஊர் பெரும்பாலும் சரி, மலை ஊகம் என்ற வரிசையிலேயே இவ்விடங்களைக் குறிப்பிடுவது முறை.